கொக்குப் பெண்ணின் நான்கு வெண்மைகள்: கபுகி நடன அழகியை மர அச்சில் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

பனி பெய்துகொண்டிருக்கிறது. நீர்க்கரையில் வெள்ளை உடுத்திய ஒரு பெண் குடை பிடித்து நிற்கிறாள். பார்க்கத்தான் பெண்; உண்மையில் ஒரு வெண்கொக்கின் ஆவி. மேடையில் அந்த ஆவியாக ஆடுகிறவரோ ஓர் ஆண். ஜப்பானின் கபுகி நாடக மரபில் 'சாகி முசுமே' என்ற நடனம் இப்படித்தான் தொடங்குகிறது. சாகி என்றால் கொக்கு, முசுமே என்றால் இளம்பெண்.

இந்தக் காட்சியை மர அச்சில், அதாவது பலகையில் செதுக்கித் தாளில் எடுக்கும் படமாக, கொண்டுவர உட்கார்ந்தால் முதல் நாளே ஒரு சிக்கல் வந்து நிற்கும். முகம் வெள்ளை. உடை வெள்ளை. பனி வெள்ளை. உடைக்குள் ஒளிந்திருக்கும் இறகும் வெள்ளை. ஜப்பானிய மர அச்சில் வெள்ளைக்கென்று பெரும்பாலும் தனி வண்ணம் பூசுவதில்லை. வண்ணம் படாமல் விட்ட தாள்தான் வெள்ளை. ஆக, ஒரே தாளை நான்கு பொருளாகத் தெரியவைக்க வேண்டும். மற்ற எல்லா வேலையும் இந்த ஒரு வித்தைக்கு எடுபிடிதான்.

செதுக்கும் உத்தேசமே இல்லாமல், அருங்காட்சியகத் தளங்களில் இந்தப் படங்களைப் பார்த்து ரசிக்க மட்டும் விரும்புகிறவர்களும் முதல் ஏழு படிகளைப் படிக்கலாம். எதைப் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் அந்தப் படங்கள் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

1. முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாகி முசுமே 1762-இல் எடோ நகரின் இச்சிமுரா அரங்கில் முதலில் ஆடப்பட்டது. எடோ என்பது இன்றைய டோக்கியோ. ஆடியவர் இரண்டாம் செகாவா கிக்குநோஜோ. பிறகு வழக்கொழிந்து கிடந்ததை 1886-இல் ஒன்பதாம் இச்சிக்காவா தஞ்சூரோ மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தார். நம் காலத்தில் இந்த ஆட்டம் என்றாலே ஐந்தாம் பந்தோ தமாசாபுரோதான் நினைவுக்கு வருகிறார்.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கைகூடாத காதல் அவளை வாட்டுகிறது. வெள்ளை உடையில் வருகிறாள். திடீரென்று அந்த உடை கழன்று, உள்ளே பளிச்சென்று வண்ண உடையில் ஒரு நகரத்துப் பெண் நிற்கிறாள். காதலின் இனிமையை ஆடுகிறாள். கடைசியில் மறுபடி பறவையாகி, பற்றின் பாவத்துக்காக நரகத்தின் வதையை அனுபவித்துப் பனியில் சாய்கிறாள். கண்ணெதிரே உடை மாறும் அந்த உத்திக்கு 'ஹிக்கினுகி' என்று பெயர். மேலுடையைச் சில நூல்களால் மட்டும் தைத்து வைத்திருப்பார்கள். பின்னால் அமர்ந்திருக்கும் உதவியாளர் சரியான தாளத்தில் நூலை உருவ, மேலுடை கையோடு வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பனி விழுந்தால் சத்தம் கேட்காது. ஆனால் கபுகியில் பனிக்குச் சத்தம் உண்டு. முனையில் துணி சுற்றிய கோலால் பெரிய முரசை மெல்ல மெல்லத் தட்டுவார்கள். கேட்காத ஒன்றைக் கேட்க வைக்கிறார்கள். நாம் தாளில் செய்யப்போவதும் அதேதான்: இல்லாத வெள்ளையைத் தெரிய வைப்பது.

ஒருமுறையாவது ஆட்டத்தின் காணொளியை முழுதாகப் பாருங்கள். முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பாருங்கள். நீரிலிருந்து காலைத் தூக்கி மெல்ல உதறி வைக்கும் கொக்கின் நடை அங்கேதான் இருக்கிறது.

வேறு நடனம் வேண்டும் என்றால் இரண்டு பெரிய தேர்வுகள் உண்டு. 1753-இல் முதலாம் நாக்காமுரா தோமிஜூரோ ஆடிய 'முசுமே தோஜோஜி': செர்ரி மலர், கோயில் மணி, பொன் நிறத் தொப்பி. தன்னை ஏமாற்றிய துறவி அந்த மணிக்குள் ஒளிந்துகொள்ள, பாம்பாகி மணியைச் சுற்றி எரித்த கியோஹிமேயின் கதை அதன் பின்னணி. கடைசியில் முக்கோணச் செதில் போட்ட உடை வந்தால் பாம்பு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று 1826-இன் 'ஃபுஜி முசுமே': தோளில் ஊதா விஸ்டீரியா பூங்கொத்து, தலையில் கறுப்பு அரக்குத் தொப்பி. பிவா ஏரிக்கரையில் ஓட்சு என்ற ஊரில் வழிப்போக்கர்களுக்கு விற்ற மலிவு நாட்டுப்புற ஓவியத்திலிருந்து இறங்கி வந்தவள் அவள். இரண்டும் வண்ணமயமானவை, ஆரம்பிக்கிறவர்களுக்கு இன்னும் சுலபம்கூட. ஆனால் வண்ணம் பல தவறுகளை மறைத்துவிடும். கற்றுக்கொள்ள வெள்ளையே நல்லது.

2. யாரை வரையப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இது தத்துவக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் முகத்தின் தாடைக்கோடு வரை இதைப் பொறுத்தே அமையும்.

கபுகியைத் தொடங்கியவர் ஒரு பெண்: இஸுமோ நோ ஒக்குனி. 1603-இல் கியோத்தோவில், கமோ ஆற்றின் வறண்ட மணல்படுகையில் ஆடினார். 1629-இல் பெண்கள் மேடையேறக் கூடாது என்று அரசு தடை போட்டது. அப்புறம் இளம்பையன்கள் பெண் வேடம் போட்டார்கள். 1652-இல் அதற்கும் தடை. கடைசியில் முன்தலையை மழித்த வளர்ந்த ஆண்களே பெண் வேடத்துக்கு வந்தார்கள். ஒன்னகாத்தா என்று பெயர். நம் பழைய நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் என்பார்களே, அதுதான்.

மழித்த நெற்றியை மறைக்க அவர்கள் ஓர் ஊதாத் துணித்துண்டை வைத்துக்கொண்டார்கள். பழைய அச்சுகளில் ஒரு 'பெண்ணின்' நெற்றிக்கு மேல் சின்ன ஊதாத் திட்டு தெரிந்தால் அவர் நடிகர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வண்ணம் மங்கி அது பழுப்பாகவும் ஆகியிருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். உடையில் குடும்பச் சின்னமும் இருக்கும். கட்டிய பஞ்சுப் பொதி என்றால் செகாவா கிக்குநோஜோ பரம்பரை.

ஆக, ஓவியர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, நடிகரை நடிகராகவே வரைவது. கட்சுக்காவா ஷுன்ஷோ 1760-களின் பிற்பகுதியிலிருந்து இந்த வழியில் போனார். இன்ன நடிகர் என்று முகத்தைப் பார்த்தே தெரியும். 1794-இல் வந்து பத்தே மாதத்தில் மறைந்த ஷாராக்கு ஒரு படி மேலே போய், பெண் வேடத்துக்குள் இருக்கும் ஆணின் மூக்கையும் தாடையையும் கொஞ்சமும் மறைக்காமல் வரைந்தார்.

இரண்டாவது வழி, அந்த நடனத்தை ஆடும் நிஜப் பெண்ணை வரைவது. பொது மேடையில்தான் தடை. பிரபுக்களின் மாளிகைகளில் ஆட 'ஓதோரிக்கோ' எனப்படும் ஆட்டப்பெண்கள் இருந்தார்கள். கித்தாகாவா உத்தாமாரோ 1790-களின் முற்பகுதியில் 'இக்கால ஆட்டப்பெண்களின் அணிவரிசை' என்று பொருள்படும் ஒரு தொகுப்பை வரைந்தார். பதிப்பித்தவர் சுதாயா ஜூசாபுரோ. சாகி முசுமேயும் தோஜோஜியும் அதில் உண்டு. யோசித்துப் பாருங்கள்: நடிகர் பெண்ணைப் போல ஆடுகிறார், ஒரு நிஜப் பெண் அந்த நடிகரைப் போல ஆடுகிறாள், அவளை உத்தாமாரோ வரைகிறார். இதில் அசல் எது?

இந்தச் சுற்று மேடையோடு நிற்கவில்லை. கிக்குநோஜோ உடுத்திய பசுமை கலந்த தேநீர்ப் பழுப்பு நிறம், அவருடைய கவிப்பெயரான ரோக்கோவின் பெயரால் 'ரோக்கோ-சா' என்று எடோ பெண்களிடையே பரவியது. சானோகாவா இச்சிமாட்சு என்ற நடிகர் உடுத்திய கட்டம்போட்ட துணி இன்றும் இச்சிமாட்சு என்றே அழைக்கப்படுகிறது; டோக்கியோ ஒலிம்பிக்கின் 2020 சின்னத்தில்கூட அந்தக் கட்டங்கள்தான். எப்படி உடுத்துவது, எப்படி நிற்பது என்பதை நகரத்துப் பெண்கள் ஆண் நடிகர்களிடமிருந்து கற்றார்கள்.

மூன்றாவது வழி, ஆடுகிறவரை விட்டுவிட்டு ஆடப்படும் பாத்திரத்தையே வரைவது. 1925-வாக்கில் ஓசாக்காவின் கித்தானோ சுனேதோமி வரைந்த சாகி முசுமே அச்சை இந்த வகையில் சேர்ப்பேன். நான் சொல்லித்தரப்போவது இதைத்தான். ஊதாத் திட்டும் வேண்டாம், சின்னமும் வேண்டாம்.

3. எந்தக் கணம்?

முதல் முயற்சியில் எல்லோரும் கடைசிக் காட்சியைத்தான் எடுப்பார்கள்: விரிந்த கை, சிதறும் இறகு, வேதனை. நானும் எடுத்தேன். பறந்து போக முடியாத கோழி மாதிரி இருந்தது.

அச்சில் உச்சக்கட்டம் செத்துவிடும். உச்சத்துக்கு முன்னால், அடுத்த அசைவு உடலுக்குள் சேர்ந்துவிட்ட கணம் வேண்டும். சாகி முசுமேயில் அது தொடக்கத்திலேயே இருக்கிறது. குடையைச் சாய்த்துப் பிடித்து, வெள்ளை முக்காடு போட்டு, முகத்தைக் கொஞ்சமாகத் திருப்பி நிற்கிறாள். ஒரு கால் இன்னும் எடுக்கப்படவில்லை, ஆனால் எடை ஏற்கனவே மறு காலுக்குப் போய்விட்டது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. உடல்: கோட்டுக்கு முன் முழங்கால்

ஓர் ஆண் எப்படிப் பெண்ணின் உருவமாகச் சுருங்குகிறார் என்பது ஒன்னகாத்தாவின் தொழில் ரகசியம் மாதிரி. ஆனால் ஒளித்து வைத்த ரகசியம் இல்லை. தோள்பட்டை எலும்புகளை முதுகுப்புறம் ஒன்றையொன்று நெருங்க இழுத்துக் கீழே இறக்குகிறார். தோள் சரிந்து குறுகிவிடுகிறது. முழங்கால்களை மடித்து ஒட்ட வைக்கிறார், உயரம் குறைகிறது. பாதங்கள் லேசாக உள்நோக்கித் திரும்புகின்றன. ஜப்பானிய நடனம் கற்கிறவர்களிடம் முழங்கால்களுக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து, விழாமல் நடக்கச் சொல்வது உண்டு.

நீங்களும் செய்து பாருங்கள், சிரிக்க வேண்டாம். கண்ணாடி முன் காகிதத்தை இடுக்கிக்கொண்டு, தோளை இறக்கி, உடலை ஒரு பக்கம் திருப்பித் தலையை மறுபக்கம் திருப்புங்கள். இரண்டு நிமிடத்தில் தொடை நடுங்கும். படத்தில் மென்மையாகத் தெரியும் அந்த வளைவுக்குள் இவ்வளவு பிடிமானம் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் கோடு தானாக இறுகும். இதைச் செய்யாமல் வரைந்தவர்களின் பெண்கள் துணி மாட்டிய கொடி மாதிரி தொங்குவார்கள்.

பிறகு எலும்புக்கூடு போல மூன்று கோடுகள்: தலையின் சாய்வு, தோளின் சாய்வு, இடுப்பின் சாய்வு. மூன்றும் வெவ்வேறு பக்கம் சாயட்டும். உச்சி முதல் பாதம் வரை ஒரு நெளிவு கிடைக்கும்.

உயரம் எவ்வளவு என்பது காலத்துக்குக் காலம் மாறியது. 1760-களில் சுஸுக்கி ஹாருநோபுவின் பெண்கள் சிறு பிள்ளைகள் மாதிரி, மெலிந்த கை, சின்னப் பாதம். 1780-களில் தோரீ கியோநாகாவின் பெண்கள் எட்டுத் தலை உயரத்துக்கு நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் குனிசாதாவின் பெண்கள் முதுகு வளைந்து, கழுத்தை முன்னே நீட்டி நிற்பார்கள். கொக்குப் பெண்ணுக்கு எனக்குப் பிடித்தது ஹாருநோபுவின் எடையின்மை. கருங்காகமும் வெண்கொக்குமாக ஒரு காதல் ஜோடி பனியில் ஒரே குடைக்குள் நடக்கும் அவருடைய படத்தை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அவன் கறுப்பு, அவள் வெள்ளை. அந்த வெள்ளை உடையின் விளிம்பை எத்தனை குறைந்த கோடுகளில் முடித்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

5. முகம், கழுத்து

இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். நீள்வட்ட முகம், அதற்குப் பூசணிக்குடும்பத்து விதை ஒன்றின் வடிவத்தைத்தான் ஜப்பானியர் உவமை சொல்வார்கள். கண் ஒரு கீற்று, மூக்கு ஒரு கொக்கி, வாய் ஒரு புள்ளி. உணர்ச்சியை முகத்தில் எழுதினால் படம் கெட்டது. தலை சாய்ந்த கோணமே போதும்.

கழுத்து விஷயம் வேறு. கிமோனோவின் கழுத்துப்பட்டியைப் பின்னால் இறக்கி, பிடரி தெரிய விடுவது அந்தக் கால அழகின் மையம். முக்காட்டுக்கும் கழுத்துப்பட்டிக்கும் நடுவே ஒரு விரல் அகலம் தோல் தெரியட்டும். முதல் வெண்மை இதுதான்: தோல். அதை மெல்லிய, ஒரே சீரான கோட்டால் மட்டும் காட்ட வேண்டும். முகத்தின் கோடு படத்திலேயே மிக மெலிதாக இருக்க வேண்டும்.

முன்நெற்றியில் முடி தொடங்கும் இடம் செதுக்குபவர்களின் தேர்வுக்களம். ஒவ்வொரு முடியையும் தனிக் கோடாக விட்டுச் செதுக்குவார்கள். பட்டறையில் மூத்தவர்தான் தலையைத் தொடுவார். நீங்கள் நல்லபிள்ளையாக முக்காட்டை இழுத்துவிட்டு அதை மறைத்துக்கொள்ளுங்கள். சாகி முசுமேயைத் தேர்ந்தெடுத்ததில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

6. உடைதான் படம்

இந்த ஓவிய மரபில் பெண்ணின் அழகு என்பது பெரும்பாலும் துணியின் அழகு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைகெட்சுதோ ஓவியர்களின் பெண்களைப் பாருங்கள்: முகமெல்லாம் ஒன்றுபோல இருக்கும், உடைதான் ஆளாக நிற்கும்.

இரண்டாவது வெண்மை, உடை. முகத்துக்கு மெலிந்த கோடு போட்டோம் இல்லையா, உடைக்கு அதற்கு நேர் எதிர். தோளில் மெல்லத் தொடங்கி, கைத்தொங்கலில் (கிமோனோவின் தொங்கும் கைப்பகுதியில்) தடித்து, தரையில் புரளும் ஓரத்தில் மறுபடி மெலியும் கோடு. தூரிகையால்தான் இது வரும், பேனாவால் வராது. வெள்ளைத் தாளில் இரண்டு வெள்ளைகளைப் பிரிக்கக் கோட்டின் தடிமன் ஒன்றே போதும் என்பதை இந்த இடத்தில்தான் நம்பத் தொடங்குவீர்கள்.

மணமாகாத பெண்ணுக்குரிய நீண்ட கைத்தொங்கல் இந்த உடையில் உண்டு. அது சிறகு. கையைத் தொங்கலுக்குள் இழுத்துக்கொண்டு, அதன் நுனியை மட்டும் உள்ளிருந்து பிடித்து லேசாக விலக்கினால் மடித்த இறக்கை வந்துவிடும். விரல்களைக் காட்டாதீர்கள், குடைக்காம்பைப் பிடித்த கையில் மட்டும் இரண்டு விரல் தெரிந்தால் போதும்.

இடுப்புப்பட்டை கறுப்பு. படத்தில் கனமான கறுப்பு அது ஒன்றுதான். கண் அங்கே வந்து நின்று, அங்கிருந்து வெள்ளைக்குள் போகும். அப்புறம் ஒரே ஒரு துளி சிவப்பு: கைத்தொங்கலின் உள்பக்கத்திலோ உடையின் கீழ் ஓரத்திலோ உள்துணி ஒரு விரல் நீளம் எட்டிப் பார்க்கட்டும். அடுத்த நொடி ஹிக்கினுகியில் வெடிக்கப்போகும் வண்ணத்தின் முன்னறிவிப்பு அது. ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு எல்லாம் சொல்லிவிடும்.

ஓர் எச்சரிக்கை. கிமோனோவில் அணிகிறவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. மரத்தில் நேரடியாக வரைந்து செதுக்கினால் அச்சில் இடவலம் மாறிவிடும். என் முதல் அச்சில் அதுதான் நடந்தது. பார்த்த நண்பர் ஒருவர் "பொண்ணு எப்ப செத்துப்போச்சு?" என்று கேட்டார். ஆவிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சமாளித்தேன். ஆனால் பலகை வீண்.

7. குடையும் வானமும்

வெள்ளையைக் காட்ட அதைச் சுற்றி வெள்ளை இல்லாத ஒன்று வேண்டும். எனவே பின்னணி சாம்பல். ஜப்பானிய மொழியில் இந்தச் சாம்பலுக்கு எலி நிறம் என்றே பெயர். மேலே அடர்ந்து கீழே வரவர நீர்த்துப் போகட்டும். உத்தாமாரோ காலத்தில் அபிரகத் தூளைப் பசையில் கலந்து பின்னணி முழுவதும் மினுங்கவிட்டதும் உண்டு. அழகுதான், ஆனால் கைப்பழக்கம் வராமல் தொட்டால் முகத்திலும் ஒட்டி, பெண் வியர்த்து வழிவது போலாகிவிடும்.

மூன்றாவது வெண்மை, பனி. குடைமேல் படிந்த பனிக்குக் கோடே போடாதீர்கள். சாம்பல் எங்கே நிற்கிறதோ அங்கே பனி தொடங்குகிறது, அவ்வளவுதான். இதுவே தோலிலிருந்தும் துணியிலிருந்தும் பனியைப் பிரிக்கும்: அவற்றுக்குக் கோடு உண்டு, இதற்குக் கோடு இல்லை. விழும் பனிக்கு, சாம்பல் பலகையிலேயே சின்னச் சின்னக் குழிகள் தோண்டிவிடலாம். சிப்பித்தூள் வெள்ளையைத் தூரிகையில் தொட்டுத் தெறிக்கும் வழியும் உண்டு. நான் குழிகளையே விரும்புவேன். எங்கே விழ வேண்டும் என்பதை நானே முடிவு செய்யலாம். முகத்துக்கு அருகே மட்டும் ஒன்றுமே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. கோட்டுப்படத்திலிருந்து பலகைக்கு

எடோ காலத்தில் இந்த வேலையை நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள்: காசு போடும் பதிப்பாளர், வரைகிற ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர். ஒரே ஆள் வரைந்து, செதுக்கி, அச்சிடும் போக்குக்கு யாமாமோத்தோ கானாயேவின் 1904-ஆம் ஆண்டு மீனவர் படத்தைத் தொடக்கமாகச் சொல்வார்கள். நீங்கள் நான்கு பேர் வேலையைச் செய்கிறீர்கள். உங்களிடமே கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

பெரிய அளவு தாள் சுமார் 39-க்கு 26 சென்டிமீட்டர். முதல் தடவை அதில் பாதி போதும்.

மெல்லிய தாளில் கறுப்புக் கோட்டுப்படத்தை முடித்து, அதை முகம் குப்புறப் பலகையில் ஒட்டுங்கள். காய்வதற்குள் பின்பக்கத்து நாரை விரலால் தேய்த்து உரித்துவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் கோடு பளிச்சென்று தெரியும். குப்புற ஒட்டுவதால் அச்சில் நேராக வந்துவிடும். பிணத்துக்கு உடுத்தும் ஆபத்து இல்லை. மூலப்படம் செதுக்கும்போதே அழிந்துபோகும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் பயன்படுத்தியது மலைச்செர்ரி மரத்தின் நெடுக்குவாட்டுப் பலகை. நமக்கு நெருக்கமான இழை கொண்ட எந்தப் பலகையும் சரி; முதல் முயற்சிக்கு நல்ல பிளைவுட் அல்லது லினோலியம் போதும். கத்தியை நிமிர்த்திப் பிடிக்காமல், கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி வெட்டுங்கள். கோடு சின்ன மலைமுகடு மாதிரி அகன்ற அடிவாரத்தோடு நிற்க வேண்டும். நேராக வெட்டிய மெல்லிய கோடு நாலாவது அச்சிலேயே உடைந்துவிடும். முகத்தை முதலில் செதுக்குங்கள்: கை களைக்காத நேரத்தில்.

பலகையின் ஓரத்தில் இரண்டு அடையாளப் படிகள் வெட்ட மறக்காதீர்கள். ஒன்று மூலைக்கு, மற்றது அதே ஓரத்தின் மறுகோடிப் பக்கம். தாளை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார வைப்பது இவைதான், கென்தோ என்பார்கள். 1765 வாக்கில் ஹாருநோபுவின் கையில் மலர்ந்த பல வண்ண அச்சு இந்தச் சின்னப் படிகளின் மேல்தான் நிற்கிறது.

கோட்டுப்பலகை முடிந்ததும் கறுப்பில் நாலைந்து படிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணத்தின் பகுதியை மட்டும் குறித்து, அடுத்த பலகைகளில் ஒட்டிச் செதுக்குங்கள். நமக்குத் தேவை: கோடு, சாம்பல், கறுப்புப் பட்டை, சிவப்பு. அதோடு வண்ணமே பூசப்போகாத ஒரு பலகை. அந்தக் கடைசிப் பலகைக்கு அப்புறம் வருகிறேன்.

9. வண்ணம் பார்ப்பதில் ஓர் ஏமாற்று

பழைய அச்சுகளைப் பார்த்து வண்ணம் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர்களுடைய நீலத்தில் ஒரு பகுதி கானாவாழை இனத்து நீலப்பூவிலிருந்து வந்தது. வெளிச்சம் பட்டால் மணல் நிறமாகிவிடும். குசும்பப்பூச் சிவப்பும் வெளுக்கும். 'ஆகா, என்ன அடக்கமான பழுப்பு' என்று நாம் மெய்மறக்கும் இடம் ஒரு காலத்தில் பளீர் ஊதாவாக இருந்திருக்கலாம். அசல் நிறம் தெரிய வேண்டும் என்றால் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பை இணையத்தில் பாருங்கள். 1921-இல் காட்சிக்கே வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது; அதனால் வண்ணம் பிழைத்துக்கொண்டது.

10. அச்சிடுதல்

தாளை முந்தைய நாளே லேசாக நனைத்து அடுக்கி வையுங்கள். மல்பெரி நாரில் செய்த, கொஞ்சம் தடித்த கைத்தாள் வேண்டும். இந்தப் படத்துக்கு மெல்லிய தாள் ஆகாது, காரணம் கடைசிப் பலகை. பலகையில் நீர்வண்ணமும் ஒரு துளி நீர்த்த அரிசிக் கூழும் சேர்த்துத் தூரிகையால் பரப்புங்கள். தாளை கென்தோவில் பொருத்தி இறக்கி, பின்பக்கத்தில் பாரென் எனப்படும் தேய்ப்பு வட்டால் தேயுங்கள். மூங்கில் பாளை நாரை முறுக்கிச் சுருட்டிச் செய்யும் கருவி அது. கிடைக்காவிட்டால் மரக்கரண்டியின் முதுகு.

வரிசை: கோடு, சிவப்பு, சாம்பல், கறுப்பு. சாம்பலுக்குப் பலகையை முதலில் ஈரத்துணியால் துடைத்து, வண்ணத்தை மேல் ஓரத்தில் மட்டும் வைத்துத் தூரிகையைக் கிடைமட்டமாக இழுத்துக் கீழே கொண்டுவந்தால் தானாக நீர்த்துப் போகும். பொகாஷி என்பது இதுதான். முதல் பத்துத் தாள் கெட்டுப்போகும். எடோவின் பட்டறைகளில் ஒரு தவணைக்கு இருநூறு தாள் அச்சிடுவார்களாம்; நாம் பத்தைப் பற்றிக் கவலைப்படலாமா?

இப்போது நான்காவது வெண்மை: இறகு. ஆட்டத்தின் தொடக்கத்தில் அது தெரியக் கூடாது. ஆனால் இருக்க வேண்டும். வண்ணமில்லாப் பலகை இதற்குத்தான். காராஸுரி என்று பெயர், 'வெற்று அச்சு'. ஹாருநோபுவும் அவரை அடுத்து வந்த கோர்யூசாயும் வெள்ளைத் துணிக்கும் பனிக்கும் இதைத்தான் நம்பினார்கள். கைத்தொங்கலின் கீழ்ப்பாதியில் இறகின் நடுத்தண்டையும் பக்க இழைகளையும் பலகையில் குழிவாகச் செதுக்குங்கள். மேடாக விட்டால் தாளில் பள்ளமாகத் தெரியும், குழிவாகச் செதுக்கினால் தாளில் புடைத்து வரும். இறகு புடைக்க வேண்டும். தோளை நோக்கிப் போகப் போக இறகுகளைக் குறைத்து, சாதாரண நெசவுக் கோடாக்கிவிடுங்கள். எங்கே துணி முடிந்து பறவை தொடங்கியது என்று உங்களுக்கே தெரியக் கூடாது.

எல்லா வண்ணமும் முடிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தேய்ப்பில் புடைப்பு நசுங்கிவிடும். தாள் ஈரமாக இருக்கட்டும். பலகையில் எதுவும் பூசாமல் தாளை வைத்து அழுத்துங்கள். பாரென் போதாது, பழைய அச்சுக்காரர்கள் முழங்கையையே பயன்படுத்துவார்கள். ஈரத்தாளின் மேல் மெல்லிய துணி போட்டு, முழங்கை எலும்பால் ஒவ்வோர் இறகாக அழுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் தாள் குழிக்குள் இறங்கியது என்று எலும்புக்குத் தெரியும்.

11. காயவைத்தல், பார்த்தல்

அட்டைகளுக்கு நடுவே அழுத்தம் இல்லாமல் காயவிடுங்கள். காய்ந்ததும் சுவரில் மாட்டி நேர் வெளிச்சத்தில் பார்த்தால் இறகு தெரியாது. வெறும் வெள்ளைக் கைதான். படத்தைக் கையில் எடுத்து, ஜன்னலை ஒட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். இந்தப் படங்களைச் சுவருக்காகச் செய்யவில்லை. கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கவே செய்தார்கள். சாய்க்கும்போது இறகுகள் ஒவ்வொன்றாக எழும். பார்க்கிறவரின் கை அசைந்தால்தான் அவள் ஆடுவாள்.

என்னிடம் ஓரளவு தேறிய அச்சு ஒன்று இருந்தது. சுருண்டுவிடுமே என்று பயந்து கனமான அகராதிக்கு அடியில் இரண்டு வாரம் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் தாள் நல்ல தட்டையாக இருந்தது, இறகும் தட்டையாகப் போய்விட்டது. அமிலமில்லாத அட்டை உறையில், மேலே எந்தப் பாரமும் இல்லாமல், இருட்டில் கிடத்தி வையுங்கள்.